தண்டாலும் பஸ்கியும்: கூண்டுச் சண்டை வீரரின் உடல் உருவான வரலாறு

எம்.எம்.ஏ. என்ற சுருக்கப் பெயரால் உலகெங்கும் அறியப்படும் கலப்புத் தற்காப்புக் கலையில் குத்து, உதை, மல்யுத்தப் பிடி, மூட்டுப் பூட்டு, கழுத்து நெரிப்பு ஆகிய அனைத்தும் ஒரே ஆட்டத்துக்குள் இடம்பெறுவதால், அந்த ஆட்டத்துக்காக உடலைப் பதப்படுத்தும் பயிற்சி தனியொரு துறையாகவே வளர்ந்துவிட்டது. அதன் வரலாறு பெரும்பாலும் 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியிலிருந்தும், அதில் வென்ற பிரேசிலின் கிரேசி குடும்பத்திலிருந்தும் தொடங்கிச் சொல்லப்படுகிறது. பிடிகளின் வரலாற்றுக்கு அந்தத் தொடக்கம் பொருந்தலாம். உடற்பயிற்சியின் வரலாற்றுக்குப் பொருந்தாது. முதல் தலைமுறைக் கூண்டு வீரர்களைச் சோதிக்கவும் பழக்கவும் பயன்பட்ட அடிப்படைப் பயிற்சிகள் வட இந்தியாவின் மண் கோதாக்களில் பல தலைமுறைகளாகச் செய்யப்பட்டுவந்தவை; தமிழர் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்ற பெயர்களில் நன்கு அறிந்தவை. அவை லண்டன் வழியாகவும் டோக்கியோ வழியாகவும் அமெரிக்காவை அடைந்த கதையில் ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தென்படுகிறது. பயிற்சியின் எண்ணிக்கை கடல் கடந்தது. அந்த எண்ணிக்கையை ஓர் உடல் தாங்குவதற்கு வேண்டிய உணவும் உறக்கமும் எண்ணெய்த் தேய்ப்பும், அவற்றுக்கெல்லாம் பொருள் கொடுத்த புரவலரும் கடல் கடக்கவில்லை.

மல்லர்களின் பயிற்சியை ஒழுங்குபட எழுதிவைத்த பழைய நூல்களுள் முதன்மையானது, கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் சமஸ்கிருத நூலாகும். அரசனின் பொழுதுபோக்குகளை விவரிக்கும் அந்நூலில் மல்யுத்தத்துக்கும் ஒரு பகுதி உண்டு. அதில் மல்லர்கள் வயது, உடல்வலிமை, திறமை ஆகியவற்றைக் கொண்டு வகைப்படுத்தப்படுகிறார்கள்; பருப்பு, இறைச்சி, பால், தயிர், நெய் என அவர்களுக்கு அரண்மனை அளிக்க வேண்டிய உணவு சொல்லப்படுகிறது; சுமை தூக்குதல், நெடுந்தூரம் நடத்தல், நீரில் நீந்துதல், கைகளுக்குரிய பயிற்சி, தூணைப் பற்றி ஏறிச் செய்யும் பயிற்சி எனப் பயிற்சிகள் தனித்தனிப் பெயரோடு பிரிக்கப்படுகின்றன. வலிமை வேறு, நீடித்து நிற்கும் திறன் வேறு, பிடியின் உறுதி வேறு என்றும், ஒவ்வொன்றையும் தனியாக வளர்த்தே ஆட்டத்தில் ஒன்றுசேர்க்க வேண்டும் என்றும் அந்தப் பகுப்பு உணர்ந்திருக்கிறது. இக்கால விளையாட்டு அறிவியல் இதே உண்மையை வேறு சொற்களில் சொல்கிறது. அதைவிட முக்கியம், பயிற்சியும் உணவும் அந்நூலில் ஒரே இடத்தில், ஒரே பொறுப்பாளரான அரசன்மீது சுமத்தப்பட்டிருப்பதுதான்.

உள்நாட்டு மல்யுத்தமும் பாரசீக மரபும் முகலாயர் காலத்தில் கலந்து உருவானது பெஹல்வானி எனப்படும் குஸ்தி முறை. ‘பயில்வான்’ என்ற சொல்லும் அவ்வழியே தமிழுக்கு வந்தது. குஸ்தியின் இருப்பிடம் அகாடா எனப்படும் கூடமாகும். அகாடாவின் நடுவில் உள்ள கோதா வெறும் மண்குழி அன்று. கல்லும் கட்டியும் நீக்கிச் சலித்த மண்ணில் எண்ணெய், மஞ்சள், மோர் போன்றவற்றைக் கலந்து, நாள்தோறும் விடியுமுன் மண்வெட்டியால் கொத்திப் புரட்டி, மீண்டும் சமப்படுத்திய பிறகே அதில் ஆட்டம் தொடங்கும். கொத்தும் வேலையைக் கூலியாள் செய்வதில்லை. பயில்வான்களே முறைபோட்டுச் செய்வார்கள். இடுப்பு, முதுகு, தோள், மணிக்கட்டு ஆகிய நான்கும் ஒருசேர இயங்கும் அந்த உழைப்பே அன்றைய முதல் உடற்பயிற்சி. காலையில் ஜோர் எனப்படும் பயிற்சிக் குஸ்தி நடக்கும். இதில் வெற்றி தோல்விக் கணக்கு இல்லை, ஒருவர் சோர்ந்ததும் அடுத்தவர் வந்து பிடிப்பதால் மூத்த வீரர் இடைவிடாது பலரோடு பொருத நேரும். தண்டால், பஸ்கி போன்ற தனிப்பயிற்சிகளைப் பெரும்பாலும் மாலையில் எடுப்பார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் பால், நெய், அரைத்த பாதாம் கலந்த உணவுக்கும், ஒருவருக்கொருவர் எண்ணெய் தேய்த்துவிடுவதற்கும், நீண்ட உறக்கத்துக்கும் உரியது. வாரணாசி அகாடாக்களில் தங்கி ஆராய்ந்து, 1992-ல் ஒரு முழு நூலை வெளியிட்ட மானிடவியலாளர் ஜோசப் ஆல்டர், பயில்வானுக்கு உண்பதும் உறங்குவதும் புலனடக்கமும் பயிற்சியின் பகுதிகளே என்பதை விரிவாகக் காட்டியுள்ளார்.

தண்டால் என்பது இன்றைய உடற்பயிற்சிக் கூடங்களில் நேராகக் கீழிறங்கி மேலெழும் பயிற்சியிலிருந்து வேறுபட்டது. உள்ளங்கைகளும் கால்விரல்களும் தரையில் ஊன்றியிருக்க, இடுப்பு கூரை முகடுபோல் உயர்ந்து நிற்கும். அங்கிருந்து முழங்கையை மடக்கித் தலையையும் மார்பையும் தரையை உரசுவதுபோல் முன்செலுத்தி, பின்னர் மார்பை நிமிர்த்தி முகத்தை மேல்நோக்கி உயர்த்தி, அதே மூச்சில் இடுப்பைத் தூக்கித் தொடங்கிய நிலைக்கு மீள்வதே ஒரு தண்டால். தோளும் மார்பும் உழைப்பதோடு முதுகெலும்பு முழுதும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்கிறது. எதிராளியின் எடைக்கு அடியில் அகப்பட்டவர் அதைச் சுமந்தபடி உடலை நழுவச் செய்து எழுவதற்கு எந்த அசைவு தேவையோ, அதையே இந்தப் பயிற்சி பழக்குகிறது. பஸ்கியோ குதிகால் தரையை விட்டு எழும்ப, உடலின் எடை முழுவதையும் முன்பாதத்தில் ஏந்தி முழுதாக அமர்ந்து எழுவதாகும். கைகள் முன்னும் பின்னும் வீச்சாகச் செல்ல, மூச்சு அந்த வீச்சோடு இணைந்து ஓடும். நூறு, இருநூறு என்று எண்ணிக்கை ஏறும்போது தொடைத் தசையின் வலிமையைவிட மூச்சின் ஒழுங்கே எடுப்பவரைக் காப்பாற்றும். ஆகவே கால்பயிற்சியாகத் தோன்றினாலும் பஸ்கி உண்மையில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் உரிய பயிற்சி. ஓடுவதற்கு இடமில்லாத கூடத்தில் நின்ற இடத்திலேயே நெடுந்தூரம் ஓடுவதற்கு அது ஈடானது. இவற்றோடு தோளுக்கும் பிடிக்கும் கர்லாக்கட்டையும், நீண்ட கம்பின் முனையில் கல் பொருத்திய கதையும், கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்கி எடுக்கும் கல் வளையமும் சேர்ந்தால் அகாடாவின் கருவிகள் ஏறக்குறைய முடிந்துவிடும்.

இந்த முறையின் உச்சமாக உலகம் கண்ட மனிதர் காமா பயில்வான். 1878-ல் அமிர்தசரஸ் பகுதியில் மல்யுத்தக் குடும்பமொன்றில் குலாம் முகம்மது என்ற பெயரில் பிறந்த அவர், சிறுவயதிலேயே தந்தையை இழந்து, தாதியா சமஸ்தானத்தின் ஆதரவில் வளர்ந்தார். 1888-ல் ஜோத்பூரில் நடந்த பஸ்கிப் போட்டியில் நானூற்றுக்கும் மேற்பட்ட பயில்வான்களிடையே பத்து வயதுச் சிறுவனான காமா கடைசிப் பதினைந்து பேருள் ஒருவராக நின்றதால் மன்னர் அவரையே வெற்றியாளராக அறிவித்தார் என்று அவர் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. வளர்ந்த பிறகு அவர் நாளொன்றுக்கு 5,000 பஸ்கியும் 3,000 தண்டாலும் எடுத்ததாக ஒரு கணக்கு இன்றும் வழங்குகிறது. சொல்லச் சொல்ல வளரும் இயல்பு இத்தகைய கணக்குகளுக்கு உண்டு என்றாலும், இதை வெறும் புனைவென்று ஒதுக்குவது தவறு. நிமிடத்துக்கு முப்பது பஸ்கி வீதம் 5,000 பஸ்கி எடுக்க மூன்று மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும். நாளின் மற்ற நேரத்தை உண்ணவும் உறங்கவும் உடலைத் தேய்த்துவிடவும் செலவிடக்கூடிய, வேறு எந்தத் தொழிலும் செய்ய வேண்டியிராத ஒருவருக்கு, இளமை முதல் படிப்படியாகக் கூட்டிவந்த பழக்கத்தால் அது எட்டக்கூடிய எண்ணிக்கையே. அரண்மனை அவருக்கு வாங்கிக் கொடுத்தது அந்த நேரத்தைத்தான்.

1910-ல் வங்காளச் செல்வர் சரத் குமார் மித்ராவின் பொருளுதவியோடு காமாவும் அவர் தம்பி இமாம் பக்‌ஷும் லண்டன் சென்றனர். உயரம் போதாது என்று அங்கு நடந்த மல்யுத்தப் போட்டியில் சேர்க்கப்படாத காமா, எவரும் தம்மோடு மோதலாம் என்று பொது அறைகூவல் விடுத்தார். அமெரிக்க மருத்துவரும் மல்யுத்த வீரருமான பெஞ்சமின் ரோலரை வென்றார். செப்டம்பர் 10 அன்று போலந்து வீரர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவுடன் நடந்த ஆட்டம், ஸ்பிஸ்கோ பெரும்பாலான நேரம் பாயில் கவிழ்ந்து படுத்துத் தற்காத்துக்கொண்டதால் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் நீண்டு சமனில் முடிந்தது. ஒரு வாரம் கழித்து நடக்கவிருந்த மறு ஆட்டத்துக்கு ஸ்பிஸ்கோ வராததால் பட்டம் காமாவுக்கே வழங்கப்பட்டது. 1928-ல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது காமா ஒரு நிமிடத்துக்குள் அவரை மல்லாத்தினார். உடல் தகுதியின் வரலாற்றில் இந்த இரண்டு ஆட்டங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். நேர வரம்பில்லாத ஆட்டத்துக்குப் பழக்கிய உடல் மணிக்கணக்கில் நிற்கவும் வேண்டும், ஒரு நொடி வாய்ப்பில் வெடித்துப் பாயவும் வேண்டும். தண்டாலும் பஸ்கியும் முதலாவதைக் கொடுத்தன, நாள்தோறும் பலரோடு பொருதும் ஜோர் இரண்டாவதைக் கொடுத்தது. பின்னாளில் பயிற்சி வெளிநாடு சென்றபோது எளிதில் எண்ணிச் சொல்லக்கூடிய முதலாவது மட்டுமே பெரும் புகழோடு சென்றது.

கர்லாக்கட்டை அதற்கு முன்பே சென்றுவிட்டது. இந்தியாவில் அதைக் கண்ட ஆங்கிலேய அதிகாரிகள் வழியாக அது பிரிட்டிஷ் படையின் பயிற்சியிலும், 1830-களில் அச்சான உடற்பயிற்சி நூல்களிலும் இடம்பெற்று, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கர்லா சுழற்றுதல் தனிப்போட்டியாகவே நடந்தது. ஆனால் அங்கே அது எடை குறைந்து, நளினமான அசைவாக மாறிச் சண்டையிலிருந்து விலகிவிட்டது. சண்டையோடு ஒட்டியே சென்ற வழி வேறொன்று.

அந்த வழி இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள விகன் என்ற நிலக்கரி நகரைத் தொட்டுச் செல்கிறது. இடுப்புக்கு மேலும் கீழும் எங்கு வேண்டுமானாலும் பிடித்து, தோள்களைத் தரையில் அழுத்தியோ மூட்டைப் பூட்டி எதிராளியை ஒப்புக்கொள்ளச் செய்தோ வெல்லும் ‘கேட்ச்’ மல்யுத்தம் அப்பகுதிச் சுரங்கத் தொழிலாளரின் ஆட்டமாக இருந்தது. அங்கே பில்லி ரைலி நடத்திய, தகரக் கூரை வேய்ந்த சிறு கூடம் பிற்காலத்தில் ‘பாம்புக் குழி’ என்ற பெயரால் புகழடைந்தது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் 1924-ல் பிறந்து, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் பங்கேற்ற சார்ல்ஸ் இஸ்தாஸ் 1950-களில் இக்கூடத்துக்கு வந்து, தம்மைவிட எடை குறைந்தவர்களிடம் மூட்டுப் பூட்டுகளில் சிக்கித் தோற்று, பிறகு அங்கேயே தங்கிக் கற்றார். அமெரிக்காவில் குடியேறி கார்ல் காட்ச் என்று பெயர் மாற்றிக்கொண்ட இவரே, கூண்டுச் சண்டையின் உடற்பயிற்சி வரலாற்றில் நடுநாயகமானவர். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் சுற்றிய மல்யுத்த வீரர்களிடமிருந்து பயிற்சிகளைத் திரட்டிய அவர், அவற்றுள் இந்தியப் பயில்வான்களின் தண்டாலையும் பஸ்கியையும் அடித்தளமாக வைத்தார். கதை சுழற்றும் பயிற்சியை முதுமையிலும் மாணவர்களுக்குக் காட்டிவந்தார்.

காட்ச் அமைத்த முறைகளுள் மிகப் பரவியது சீட்டுக்கட்டுப் பயிற்சி. சீட்டின் நான்கு இனங்களுக்கும் ஒவ்வொரு பயிற்சி ஒதுக்கப்படும். கட்டைக் கலைத்துக் கவிழ்த்து வைத்து ஒவ்வொன்றாகப் புரட்ட, வரும் சீட்டின் இனம் எதுவோ அந்தப் பயிற்சியை, அதில் உள்ள எண்ணிக்கையளவு செய்ய வேண்டும். அடுத்து வருவது பஸ்கியா தண்டாலா, மூன்றா பத்தா என்று வீரருக்குத் தெரியாது. கட்டு முழுதும் தீரும்வரை நிறுத்தவும் கூடாது. சண்டையில் அடுத்த நொடி எந்தத் தசைக்கு வேலை வரும் என்று எவராலும் முன்னறிய முடியாது என்ற உண்மையை இவ்வளவு எளிய பொருளைக் கொண்டு பயிற்சிக்குள் கொண்டுவந்தது காட்சின் நுண்ணறிவுக்குச் சான்று. நூற்றுக்கணக்கான அசைவுகளை ஒரே வரிசையில் எண்ணிக்கொண்டு போகும் அகாடா முறையிலிருந்து, கலைந்து மாறும் உழைப்பை நோக்கி எடுத்துவைத்த முதல் அடியாகவும் இதைக் கருதலாம்.

ஜப்பானுக்குப் பஸ்கி சென்ற வழி ஒன்றல்ல. தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் மூத்த தலைமுறை நன்கறிந்த மல்யுத்த வீரர்களான கிங்காங், தாராசிங் இருவரும் 1955-ல் ஜப்பான் சென்று, அந்நாட்டுத் தொழில்முறை மல்யுத்தத்தின் தந்தையான ரிக்கிடோசானுடன் மோதியவர்கள். பஸ்கிக்கு ஜப்பானில் இன்றும் ‘ஹிந்து ஸ்குவாட்’ என்றே பெயர். ஆனால் அதை ஒரு பயிற்சிக்கூடத்தின் சட்டமாக ஆக்கியது காட்சின் செல்வாக்குத்தான். 1961-ல் முதன்முறை ஜப்பான் சென்ற அவர், ரிக்கிடோசானின் மாணவரான அன்டோனியோ இனோக்கிக்கு ஆசிரியராகி, இனோக்கி 1972-ல் நியூ ஜப்பான் அமைப்பைத் தொடங்கியபோது அதன் இளம் வீரர்களைப் பழக்கும் பொறுப்பையும் ஏற்றார். அங்கே புதிதாகச் சேர்ந்த இளைஞர் நூற்றுக்கணக்கில், சில நாள்களில் ஆயிரம்வரை பஸ்கி எடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் அதோடு கூடத்தைப் பெருக்கி, மூத்தவர்களின் துணியைத் துவைத்து, அவர்களுக்குச் சமைத்தும் போட வேண்டும். அகாடாவில் மண் கொத்துவதும் இளையோர் தொண்டுதான் என்றாலும், பஸ்கி எடுத்த இளைஞனுக்குப் பாலும் பாதாமும் கொடுத்து உறங்க வைப்பது குருவின் கடமையாக இருந்தது. டோக்கியோவில் பஸ்கி, யார் ஓடிப்போவார், யார் தாக்குப்பிடிப்பார் என்று பிரித்தறியும் சல்லடையாயிற்று.

இந்த இடத்தில் வரலாறு தன் ஊற்றுக்கே திரும்பிச் சென்றது. 1976 ஜூனில் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியுடன் பதினைந்து சுற்று ஆடிச் சமன் செய்த இனோக்கி, அதே ஆண்டு டிசம்பரில் கராச்சியில் இமாம் பக்‌ஷின் மகனும் காமாவின் தம்பி மகனுமாகிய அக்ரம் பயில்வானைச் சந்தித்தார். விகன் கூடத்தின் வழிவந்த கைப்பூட்டு ஒன்றில் அக்ரமின் தோள் மூட்டு பிசகி ஆட்டம் முடிந்தது. 1979-ல் லாகூரில் அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை வீரரான ஜாரா ஐந்து சுற்றுகள் இனோக்கியோடு சமமாக நின்றபோது, இனோக்கியே ஜாராவின் கையைப் பிடித்து உயர்த்தினார். பயிற்சியை உலகுக்குக் கொடுத்த குடும்பத்துக்கு அன்று இருந்த நிலை இரங்கத்தக்கது. காமாவின் உடலை உருவாக்கிய சமஸ்தானங்கள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இணைக்கப்பட்டுவிட்டன. 1912-ல் கோல்காப்பூரில் காஸ்பாக் மைதானத்தை மல்யுத்தத்துக்கென்றே கட்டிக்கொடுத்த ஷாஹு மகாராஜா போன்ற புரவலர்களும் இல்லை. இந்தியாவில் மன்னர் மானியமும் 1971-ல் நின்றது. ஒரு நாளைக்குப் பல லிட்டர் பாலும் நெய்யும் வேண்டும் உடலைத் தனிக் குடும்பமொன்று தன் செலவில் வளர்ப்பது எளிதன்று.

காட்சின் மாணவர்கள் முடிவு முன்தீர்மானிக்கப்படும் காட்சி மல்யுத்தத்தால் நிறைவடையாமல் உண்மைச் சண்டையை நோக்கி நகர்ந்தனர். சடோரு சயாமா 1980-களில் ஷூட்டோ என்ற கலப்புச் சண்டை முறையை உருவாக்கினார். 1984-ல் தோன்றிய யு.டபிள்யூ.எஃப். அமைப்பின் வழிவந்த மசகாட்சு ஃபுனாகி, மினோரு சுசுகி இருவரும் 1993-ல் பான்க்ரேஸ் அமைப்பைத் தொடங்கினர். பழங்கிரேக்கச் சண்டையான பான்க்ரேஷனை நினைவூட்டும் அப்பெயரைச் சூட்டியவர் காட்ச். முதல் யு.எஃப்.சி.க்கு இரண்டு மாதங்களுக்கு முன், 1993 செப்டம்பர் 21 அன்று நடந்த அதன் முதல் நிகழ்ச்சியில் ஐந்து ஆட்டங்களும் சேர்ந்து கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டன. பருத்த மல்யுத்த உடல்களைப் பார்த்துப் பழகிய ஜப்பானியப் பார்வையாளர்கள், கொழுப்பு உருகித் தசைகள் பிரிந்து தெரியும் மெலிந்த உடல்களை அன்று கண்டனர். பாலும் நெய்யும் ஊட்டிய பயில்வான் உடலுக்கும் இந்த உடலுக்கும் தோற்றத்தில் ஒற்றுமை இல்லை. ஆனால் இரண்டும் எடுத்த அடிப்படைப் பயிற்சி ஒன்றே.

அந்த முதல் நிகழ்ச்சியில் ஃபுனாகியை வென்ற அமெரிக்கர் கென் ஷாம்ராக், கலிஃபோர்னியாவில் தாம் நடத்திய ‘லயன்ஸ் டென்’ கூடத்தில் சேர வருவோருக்கு 500 பஸ்கியை நுழைவுச் சோதனையாக வைத்தார். அது முடிந்து கால் நடுங்கும் நிலையில் இன்னும் பல பயிற்சிகளும், அதன்பின் பழகிய வீரர்களோடு மோதலும் உண்டு. மன உறுதியைச் சோதிக்க இது பயன்பட்டது உண்மையே. ஆனால் பழகாத உடல் ஒரே நாளில் அத்தனை பஸ்கி எடுத்தால் தொடைத் தசை நார்கள் சிதைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையே கெடுக்கலாம் என்பதை மருத்துவம் அறியும். ஜோத்பூரில் காமா அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தது குழந்தைப் பருவம் முதல் தொடர்ந்த பழக்கத்தின் விளைவு. அந்த விளைவையே தொடக்கமாக வைத்ததுதான் கடல் கடந்த பயிற்சியில் நேர்ந்த பெரும் பிழை.

தொடக்கக் கால யு.எஃப்.சி. ஆட்டங்கள் சில நிமிடங்களில் முடிந்ததால் இப்பிழை உடனே வெளிப்படவில்லை. ஆட்டங்கள் நீளத் தொடங்கியதும் உடல் தகுதி தானே ஓர் ஆயுதம் என்பது தெளிவாயிற்று. 1997 ஜூலையில், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் வாகை சூடியவரும் அப்போதைய கனரகச் சாம்பியனுமான மார்க் கோல்மன், உதைச்சண்டை வீரர் மாரிஸ் ஸ்மித்தைத் தொடக்கத்திலேயே தரையில் வீழ்த்தி ஓயாமல் தாக்கினார். ஆனால் ஸ்மித் கீழே கிடந்தபடியே அமைதியாகத் தற்காத்து மூச்சைச் சேமித்தார். சில நிமிடங்களில் கோல்மனின் பருத்த தசைகளுக்கு இரத்தம் கொண்டுவரும் உயிர்வளி போதாமற்போனது. கையைத் தூக்கவும் திணறிய அவரை, 21 நிமிட ஆட்டத்தின் முடிவில் நடுவர்கள் தோற்றவராக அறிவித்தனர். ஸ்மித்தோடு சேர்ந்து பழகிய ஃபிராங்க் ஷாம்ராக், லயன்ஸ் டென்னிலும் பான்க்ரேஸிலும் வளர்ந்தவர். 1999 செப்டம்பரில் தம்மைவிடப் பருத்த டிட்டோ ஓர்ட்டிஸை அவர் நான்காம் சுற்றுவரை இழுத்துச் சென்று, களைத்த நேரத்தில் அடித்துப் பணியவைத்தார். எதிராளியைச் சோர்வடையச் செய்வதையே திட்டமாகக் கொண்ட இந்த ஆட்டத்துக்குப் பிறகு, உடல் தகுதிப் பயிற்சிக்கெனத் தனி ஆசிரியரை வைத்துக்கொள்ளாத முன்னணி வீரர் அரிதானார்.

பழைய முறையின் கடைசிப் பெருவெற்றி 2000 மே 1 அன்று டோக்கியோவில் நிகழ்ந்தது. பதினைந்து நிமிடச் சுற்றுகளாக, சுற்றுகளுக்கு எண்ணிக்கை வரம்பின்றி நடந்த ஆட்டத்தில் ஜப்பானிய வீரர் கசுஷி சகுராபா, யு.எஃப்.சி.யின் முதல் வெற்றியாளர் ராய்ஸ் கிரேசியைத் தொண்ணூறு நிமிடங்கள் எதிர்த்து நின்றார். ஆறாம் சுற்று முடிந்ததும் கிரேசி தரப்பு துண்டை வீசித் தோல்வியை ஒப்புக்கொண்டது. விகன் கூடத்தின் மற்றொரு மாணவரான பில்லி ராபின்சனிடம் கற்றவர் சகுராபா. 1910-ல் காமாவும் ஸ்பிஸ்கோவும் ஆடிய நீண்ட ஆட்டத்துக்குப் பொருந்திய உடலே தொண்ணூறு ஆண்டுகள் கழித்து இங்கும் தேவைப்பட்டது.

அதே ஆண்டில் நியூஜெர்சி மாநிலம் வகுக்கத் தொடங்கிய ஒருங்கிணைந்த விதிகள், சாதாரண ஆட்டத்துக்கு ஐந்து நிமிடங்கள் கொண்ட மூன்று சுற்றுகளையும், பட்ட ஆட்டத்துக்கு ஐந்து சுற்றுகளையும், இடையில் ஒரு நிமிட ஓய்வையும் நிலைப்படுத்தின. கடிகாரம் மாறியதும் உடலும் மாற வேண்டியதாயிற்று. தசை முதல் சில நொடிகளின் வெடிப்புக்குத் தன்னிடம் சேமித்துள்ள வேதிப்பொருளையும், அடுத்த ஓரிரு நிமிடங்களின் கடும் உழைப்புக்கு உயிர்வளியின் துணையின்றிச் சர்க்கரையை உடைக்கும் வழியையும், அதற்கு மேல் நீடிக்க உயிர்வளியோடு எரிக்கும் வழியையும் நம்பியிருக்கிறது. ஐந்து நிமிடச் சுற்று இம்மூன்றையும் மாறி மாறிக் கேட்கிறது. ஒரு நிமிட ஓய்வில் எவ்வளவு மீள முடியும் என்பதை மூன்றாம் வழியே தீர்மானிக்கிறது. பனிக்கட்டித் தளத்தில் விரைந்து சறுக்கும் வீரர்களுக்கு ஒரு ஜப்பானியப் பயிற்றுநர் வகுத்த, இருபது நொடி முழுவேக உழைப்பும் பத்து நொடி ஓய்வும் மாறி மாறி வரும் பயிற்சியை இசுமி டபாட்டா ஆராய்ந்து 1996-ல் வெளியிட்ட முடிவுகள், உயிர்வளியோடும் அது இன்றியும் நிகழும் இரு வழிகளும் அதனால் ஒருங்கே வளர்வதைக் காட்டின. நான்கு நிமிடங்களில் முடியும் அப்பயிற்சி எம்.எம்.ஏ. கூடங்களில் காட்டுத்தீயாகப் பரவியது. ஆயிரம் பஸ்கியின் காலம் அத்தோடு முடிந்தது என்று சொல்வது மிகையாகாது.

ஆனால் அறிவியல் கொண்டுவந்த பெரிய மாற்றம் பயிற்சியில் அன்று, ஓய்வில்தான் நிகழ்ந்தது. யு.எஃப்.சி. 2017-ல் லாஸ் வேகஸில் திறந்த செயல்திறன் மையத்தில் எடைப்பயிற்சிக் கூடத்தோடு உணவு வல்லுநர்களும் இயன்முறை மருத்துவர்களும், தசை மீட்புக்கென்றே அமைந்த அறைகளும் ஒரே கூரையின் கீழ் உள்ளன. வீரர் எவ்வளவு உறங்கினார், என்ன உண்டார், காயம் எந்த அளவு ஆறியது என்று பயிற்சிக்கு நிகராக அளக்கிறார்கள். சோமேசுவரன் அரசனின் கடமையாக எழுதிவைத்ததை இன்று ஒரு வணிக நிறுவனம் தன் செலவில் செய்கிறது. ஆயினும் அந்த வசதி ஒப்பந்தம் பெற்ற வீரருக்கே கிடைக்கும். ஒப்பந்தத்துக்காகச் சிறு அரங்குகளில் மோதும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் பயிற்சி எடுத்து, எடைப் பிரிவுக்குள் நுழைவதற்காக ஆட்டத்துக்கு முன் உடலின் நீரையும் வற்றவிட்டு, உறக்கம் குறைந்த உடலோடுதான் கூண்டுக்குள் போகிறார்கள். இந்த ஆட்டத்தில் உடனே திருத்த வேண்டிய குறை இதுவே.

பயிற்சியோடு அதன் வாழ்க்கை முறையும் கடல் கடந்த வழி ஒன்று உண்டு. அது குடியேறியவர்களின் வழி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் குடியேறிய பஞ்சாபியர், தங்கள் பிள்ளைகளுக்கெனக் குஸ்திக் கழகங்களை நடத்தி, வேலை முடிந்து வந்த தந்தையரே குருவாகவும் இருந்து பழக்கினார்கள். மல்யுத்தக் குடும்பத்துப் பிள்ளையாக அச்சூழலில் வளர்ந்த அர்ஜன் புல்லர், 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் கனடாவுக்காகத் தங்கம் வென்று, பின்னர் கலப்புச் சண்டைக்கு வந்தார். 2021 மே மாதம் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பின் கனரகப் பட்டத்தை பிராண்டன் வேராவிடமிருந்து வென்றபோது, உலக அளவிலான எம்.எம்.ஏ. அமைப்பொன்றில் சாம்பியனான முதல் இந்திய வம்சாவளியினர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.